என் தம்பி பார்த்த வரி

வேலைக்குப் புதிதாக வந்தவருக்கு நாற்காலி வந்து இறங்கிய அன்று, என் தம்பி டிபன் டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தான். தலை சாய்த்துக்கொள்ள மெத்தை வைத்த நாற்காலி அது. கைப்பிடியில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட அவர் இன்னும் பிரிக்கவில்லையாம். தான் பன்னிரண்டு வருடமாக உட்காரும் நாற்காலிக்கு ஒரு சக்கரம் கிடையாது என்று தன் மனைவியிடம் சொல்லிக் குறைபட்டிருக்கிறான். அவள் தோசையைத் திருப்பிக்கொண்டே, "அதனாலதான் நீங்க ஒரே இடத்துல இருக்கீங்க" என்று சொல்லிவிட்டாள்.

என் தம்பியைப் பற்றி எழுதுவதென்றால் பொறாமையிலிருந்துதான் தொடங்க வேண்டும். சின்ன வயதிலேயே அப்படி. எனக்கு எட்டு வயது, அவனுக்கு ஐந்து. எனக்குக் காய்ச்சல் வந்து எல்லாரும் என் பக்கத்திலேயே இருக்கிறார்கள் என்று, தெர்மாமீட்டரைச் சுடுதண்ணீரில் விட்டுத் தனக்கும் காய்ச்சல் என்று காட்டினான். அது வெடித்துப் போனது. அடி வாங்கும்போதும், அக்காவுக்கு மட்டும் ஏன் அடி இல்லை என்றுதான் கேட்டான். எதிர்வீட்டுப் பிள்ளை சைக்கிள் ஓட்டுகிறான் என்று, இரண்டு முழங்காலையும் தேய்த்துக்கொண்டு ஒரே நாளில் ஓட்டக் கற்றுக்கொண்டான். பொறாமை வந்தால் மற்றவர்கள் வாடிப்போவார்கள். இவன் எதையாவது கற்றுக்கொண்டு வந்து நிற்பான். நான் எட்டாவதோடு நின்றேன். அவன் பன்னிரண்டு முடித்து ஆறு மாதக் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனான். அதுவும் சித்தப்பா மகன் போகிறான் என்பதற்காக. சித்தப்பா மகன் பாதியில் விட்டுவிட்டான். இவன் முடித்தான்.

இரண்டு பேரும் ஒரே மருந்து ஆலையில் வேலை செய்கிறோம். நான் வாசலில் டைம் ஆபீஸ். உள்ளே போகிறவர்கள் போன், கைக்கடிகாரம், மோதிரம் எல்லாவற்றையும் என் ஜன்னலில் கொடுத்துவிட்டு ஒரு டோக்கன் வாங்கிக்கொண்டு போக வேண்டும். மருந்து நிரப்பும் இடத்தில் உடம்போடு ஒரு பொருளும் போகக் கூடாது. டோக்கன் எண், வந்த நேரம், போன நேரம் மூன்றையும் நான் நோட்டில் எழுதுவேன். பத்தொன்பது வருடத்தில் ஒரு டோக்கன்கூட மாறிப்போனதில்லை.

என் ஜன்னலுக்கு மேலே ஒரு சுவர்க்கடிகாரம். அது ஏழு நிமிடம் முன்னால் ஓடும். நான் வைத்ததுதான். கை கழுவி, கவுன் மாட்டி, தலையில் தொப்பி போட்டு மெஷின் முன்னால் போய் நிற்க ஒரு ஆளுக்கு ஏழு நிமிடம் ஆகிறது. ஒரு வாரம் உட்கார்ந்து எண்ணிப் பார்த்துத்தான் அப்படி வைத்தேன். பழைய ஆட்கள் எல்லாருக்கும் இது தெரியும். சரியான மணி வேண்டுமென்றால் மனதுக்குள் ஏழைக் கழித்துக்கொள்வார்கள். சுவரில் எழுதி ஒட்டியதில்லை. புதிதாக வருகிறவர்களுக்குப் பழையவர்கள் சொல்லிவிடுவார்கள், அவ்வளவுதான்.

தம்பி சர்வர் அறையில். முதலில் பிரிண்டர் தூக்கிக்கொண்டு போகிறவனாகத்தான் சேர்ந்தான். அங்கே அப்போது இருந்தவர் லாக் படிப்பதைப் பார்த்து இவனுக்குப் பொறுக்கவில்லை. லாக் என்றால் சர்வர் தன் வேலையைப் பற்றித் தானே வரி வரியாக எழுதிவைக்கும் குறிப்பு. நான் நோட்டு எழுதுகிற மாதிரி. அவர் அதைப் படித்து இன்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். இவன் தினமும் சாப்பாட்டு நேரத்தில் அதை உட்கார்ந்து படித்தான். இரண்டு வருடத்தில் அவருக்குப் புரியாததெல்லாம் இவனுக்குப் புரிந்தது. அவர் ஓய்வு பெற்றதும் அறையை இவனிடம் கொடுத்தார்கள், 'தற்காலிகப் பொறுப்பு' என்று போட்டு. அந்தத் தற்காலிகம் ஆறு வருடம் ஓடியது. ஆறு வருடமும் அவன் கையெழுத்துக்குக் கீழே அந்தச் சொல்லை எழுத வேண்டியிருந்தது. மற்ற எழுத்தைவிட அதை மட்டும் சின்னதாக எழுதுவான்.

அந்த நிலையில்தான் தலைமை அலுவலகத்திலிருந்து அவர் வந்தார். முப்பது வயது, ஏகப்பட்ட சான்றிதழ், மெதுவான பேச்சு. மேனேஜர் அவரை சார் என்று கூப்பிட்டார். தம்பியை எப்போதும் போல, "ஏம்ப்பா" தான். அறைக்கு நிரந்தரப் பொறுப்பாளர் யார் என்று மாதக் கடைசியில் ஆர்டர் வரும் என்றார்கள். தம்பி அவருக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தான். "வந்ததும் காபி, புது நாற்காலி, சுத்தி நாலு பேர். மாப்பிள்ளை இல்லாம வேற என்னக்கா?" என்றான். பெயர் ஒட்டிக்கொண்டது. நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், மனதுக்குள்.

அவருக்கு அறையையும் ஆலையையும் சுற்றிக் காட்டுவது தம்பியின் வேலை. காட்டினான். கதவு எங்கே, கழிப்பறை எங்கே, சாப்பாடு எத்தனை மணிக்கு. மற்றது எதையும் சொல்லவில்லை. கேட்டால் சொல்லியிருப்பேன் என்றான் பிறகு. தெரியாததை எப்படிக் கேட்பது என்று நான் அவனிடம் கேட்கவில்லை. எனக்கும் அப்போது அவன் பக்கம்தான் நியாயமாக இருந்தது.

அவர் என் ஜன்னலில் டோக்கன் வாங்கும்போது, "நன்றிக்கா" என்பார். ஒருநாள் தம்பி அதைக் கேட்டுவிட்டான். அன்று சாயங்காலம் பஸ்ஸில் திடீரென்று, "அவன் யாரு உன்னை அக்கான்னு கூப்பிட?" என்றான். நாற்பது வயது ஆள்.

மாதக் கடைசிக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாப்பிள்ளை தனியாக வந்து பழைய சர்வரை நிறுத்திப் புது அலமாரிக்கு மாற்றினார். அந்தப் பெட்டிக்குள் இருக்கும் சின்ன பேட்டரி செத்துப்போய் வருடமாகிவிட்டது. மின்சாரத்தைப் பிடுங்கித் திரும்பத் தொடங்கினால் சர்வர் மணி கேட்கும். கையால் கொடுக்க வேண்டும். உள்ளே யாரிடமும் போனோ கைக்கடிகாரமோ இருக்காது என்பதால், தம்பி எப்போதும் என் ஜன்னலுக்கு வந்து, கடிகாரத்தைப் பார்த்து, ஏழைக் கழித்துக் கொடுப்பான். மாப்பிள்ளையும் வெளியே வந்து கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார். அப்படியே கொடுத்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை யாராலும் வேலையைத் தொடங்க முடியவில்லை.

எங்கள் ஆலையில் ஒரே சாவி முறை. காலையில் கம்ப்யூட்டரில் ஒருமுறை பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால் போதும். சாவி கொடுக்கும் சர்வர் ஒன்று தனியாக உண்டு. அது நாம் இன்னார்தான் என்று ஒரு சீட்டு எழுதி, நேரம் குறித்து, முத்திரை போட்டு அனுப்பும். ஸ்டாக், எடை, தரச் சோதனை எல்லாம் இருக்கும் பெரிய சர்வர்தான் ஞாயிற்றுக்கிழமை இடம் மாறியது. அது அந்தச் சீட்டைப் பார்த்து உள்ளே விட்டுவிடும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பாஸ்வேர்டு கேட்காது. அன்று பெரிய சர்வர் ஒருவரையும் உள்ளே விடவில்லை. எல்லாருக்கும் ஒரே பதில்: அனுமதி இல்லை. எடைத் தாள் திறக்காமல் ஒரு பாட்டிலும் நிரப்பக் கூடாது. கவுன் போட்டவர்கள் கவுனோடு சுவரில் சாய்ந்து நின்றார்கள்.

மாப்பிள்ளை, முத்திரையில்தான் கோளாறு என்று அதையே மூன்று தடவை புதிதாகப் போட்டுப் பார்த்தார். தம்பி பத்தரை மணி வரை சக்கரமில்லாத நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்திருந்தான். பிறகு மேனேஜரிடம் போய், டீபக் போட்டுப் பார்க்க அனுமதி கேட்டான்.

இதை அவன் எனக்குப் பலமுறை விளக்கியிருக்கிறான். சர்வர் வழக்கமாகக் கொஞ்சம்தான் எழுதும். இன்னார் வந்தார், அனுமதி இல்லை, முடிந்தது. ஏன் இல்லை என்று எழுதாது. சீட்டைச் சரிபார்க்கும் பகுதியின் அமைப்பில் ஒரு சொல்லை மாற்றி, மின்சாரத்தை நிறுத்தாமல் சர்வரின் வேலையை மட்டும் நிறுத்தித் தொடங்கினால், அது நினைப்பதையெல்லாம் எழுத ஆரம்பிக்கும். சீட்டு எங்கிருந்து வந்தது, யார் முத்திரை, எத்தனை மணிக்கு எழுதியது, எதனால் பிடிக்கவில்லை என்று ஒவ்வொரு ஆளுக்கும் இரண்டு பக்கம். அதுதான் டீபக். "வாய் திறக்காத ஆளைப் பேச வைக்கிறதுக்கா. ஆனா திறந்தா மூடாது. நாமதான் மூடணும்" என்பான்.

மேனேஜர் பத்து நிமிடம் கொடுத்தார். தம்பி சொல்லை மாற்றினான். பதினொன்று நாலுக்கு சர்வர் திரும்ப எழுந்தது. பதினொன்று ஆறுக்கு அவன் அந்த வரியைப் பார்த்தான். இந்தச் சீட்டு எழுதி ஏழு நிமிடம் ஆகிறது, ஐந்து நிமிடத்துக்கு மேல் பழைய சீட்டை ஏற்க முடியாது, என்று இருந்தது. அடுத்த ஆளுக்கும் ஏழு நிமிடம். அதற்கடுத்த ஆளுக்கும் ஏழு. இப்போதுதான் எழுதிய சீட்டு எல்லாம் ஏழு நிமிடம் பழையதாகத் தெரிகிறதென்றால், சீட்டைப் பார்க்கிற சர்வரின் கடிகாரம் முன்னால் ஓடுகிறது. ஏழு என்ற எண்ணைப் பார்த்ததுமே அவனுக்கு என் ஜன்னல் ஞாபகம் வந்திருக்கும்.

மேனேஜர் என்ன ஆச்சு என்று கேட்டார். இன்னும் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டான்.

பன்னிரண்டேகாலுக்கு என் ஜன்னலுக்கு வந்தான். ஒன்றும் கேட்காமல் தலையைத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்த்தான். சிரித்தான். தெர்மாமீட்டரைச் சுடுதண்ணீரில் விட்டபோது சிரித்த அதே சிரிப்பு. விஷயத்தைச் சொன்னான். மணியைச் சரியாக வைத்தால் ஒரு நிமிட வேலை என்றான்.

"போய் வைக்க வேண்டியதுதானே?"

"மூணு மணிக்குத் தலைமை ஆபீஸ்லேர்ந்து போன் வருது. மாப்பிள்ளை எல்லார் முன்னாடியும் தெரியலைன்னு சொல்லட்டும். அப்புறம் நான் சொல்றேன்."

அதுவரை நூறு பேர் சும்மா நிற்பார்களே என்றேன். காலையிலிருந்து நிற்கிறவர்கள்தானே என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "உன் கடிகாரம்தான் காரணம்னு தெரிஞ்சா உன்னைத்தான் கேப்பாங்க. எப்படிச் சொல்றதுன்னு உனக்காகத்தான் யோசிக்கிறேன்" என்றான்.

"எனக்காக நீ என்னைக்கும் இவ்வளவு சந்தோஷமா இருந்ததில்லையேடா" என்றேன்.

அவன் போய்விட்டான். நான் நினைத்திருந்தால் எழுந்து போய் மேனேஜரிடம் சொல்லியிருக்கலாம். நாற்பது அடி தூரம். போகவில்லை. உட்கார்ந்து டோக்கன்களை வரிசையாக அடுக்கினேன். ஏற்கெனவே வரிசையாகத்தான் இருந்தன. எனக்கும் அந்த நாற்காலியைப் பார்க்க வேண்டியிருந்தது, அதில் என் தம்பி உட்கார்ந்திருப்பதை. என் தம்பிக்குக் கிடைக்காத "சார்" இன்னொருத்தர் வீட்டுப் பிள்ளைக்கு எப்படிக் கிடைக்கிறது என்று எனக்கும் மூன்று வாரமாக நெஞ்சு எரிந்துகொண்டிருந்தது. நோட்டில் பன்னிரண்டு இருபதுக்கும் இரண்டு நாற்பதுக்கும் நடுவே நான் ஒரு வரியும் எழுதவில்லை. இப்போதும் அந்தப் பக்கத்தில் வெற்றிடம் இருக்கிறது.

சந்தோஷத்தில் அவன் ஒன்றை மறந்துவிட்டான். டீபக்கை அணைக்கவில்லை.

பத்து நிமிடத்துக்கென்று திறந்த வாய் மூன்றரை மணி நேரம் திறந்தே கிடந்தது. உள்ளே போக முடியாதவர்கள் சும்மாவா இருப்பார்கள்? நிமிடத்துக்கு நாலு தடவை முயன்று பார்த்தார்கள். தடவைக்கு இரண்டு பக்கம். இரண்டு நாற்பதுக்கு டிஸ்க்கில் எழுத இடமில்லாமல் சர்வர் மொத்தமாக நின்றுவிட்டது. சீட்டு கேட்காமல் ஷிப்ட் வருகை பதியும் என் ஜன்னல் கம்ப்யூட்டரும் அதோடு போனது. இரண்டாம் ஷிப்ட் ஆட்கள் வாசல் வரை வரிசையில் நின்றார்கள். நான் வருகையையும் நோட்டிலேயே எழுத ஆரம்பித்தேன். தம்பி சாப்பாட்டு அறையிலிருந்து என் ஜன்னலைத் தாண்டி ஓடினான்.

அறைக்குள் நடந்ததை அவன் வாயாலும், பிறகு மாப்பிள்ளை வாயாலும் கேட்டிருக்கிறேன். இரண்டும் ஒத்துப்போகிறது.

தம்பி போவதற்குள் மாப்பிள்ளை லாக்கைத் திறந்துவிட்டார். அழித்து இடம் பண்ணுவதற்காகத் திறந்தவர், அழிக்கும் முன்னால் முதல் பக்கத்தைப் படித்திருக்கிறார். அவரும் படிக்கத் தெரிந்தவர்தான். அது தம்பிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மேனேஜர் கதவில் சாய்ந்து நின்றார். மூன்று மணி போனுக்குப் பதினைந்து நிமிடம் இருந்தது.

"பதினொண்ணு பதிமூணுக்கே காரணம் எழுதியிருக்கு" என்று மாப்பிள்ளை திரையைக் காட்டினார். சர்வர் மணியல்லவா. ஏழைக் கழித்தால் பதினொன்று ஆறு. "மணி தப்பு. நான்தான் தப்பா வச்சிருக்கேன். இந்த வரி உங்க கண்ணுல படலையாண்ணா?"

அண்ணா என்று அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அவர் வழி விட்டுக் கொடுத்துத்தான் கேட்டிருக்கிறார். படவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். லட்சம் வரியில் ஒரு வரி கண்ணில் படாமல் போவது குற்றமில்லை. மணியைத் தப்பாக வைத்தவர் தானே ஒப்புக்கொண்டு நிற்கிறார். மூன்று மணிக்குப் போன் வரும், அவர்மேல் பழி விழும், அறை தம்பிக்கு வரும். ஆறு வருடமாக எழுதிய அந்தச் சின்னச் சொல் போய்விடும்.

ஆனால் படவில்லை என்று சொன்னால், தன் கண்ணுக்குத் தப்பிய வரி ஒன்று இந்த மாப்பிள்ளை கண்ணுக்குப் பட்டது என்று ஆகிவிடும். இத்தனை வருடச் சாப்பாட்டு நேரமும் படித்ததற்கு அர்த்தமில்லை என்று ஆகிவிடும். என் தம்பியால் அதைத் தாங்க முடியாது.

"படாம இருக்குமா? போட்ட ரெண்டாவது நிமிஷமே பாத்துட்டேன்" என்றான்.

மேனேஜர் நிமிர்ந்தார். "பாத்தா ஏன்ப்பா சொல்லலை?"

அவன் என் கடிகாரத்தின் பேரைச் சொல்லலாம். எனக்காகத்தான் மறைத்தேன் என்று சொல்லலாம். என்னிடம் ஒத்திகை பார்த்த பதில்தானே அது. அதையும் சொல்லவில்லை. "மூணு மணிக்குச் சொல்லலாம்னு வச்சிருந்தேன்" என்றான். அதற்குமேல் விளக்கம் யாருக்கும் தேவைப்படவில்லை.

மாப்பிள்ளை லாக்கை வேறு இடத்துக்கு மாற்றினார். தம்பி டீபக் சொல்லைப் பழையபடி மாற்றி, மணியை ஏழு நிமிடம் பின்னால் வைத்தான். இரண்டு ஐம்பத்தெட்டுக்கு ஆட்கள் உள்ளே போனார்கள். போன் வந்தபோது இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்களாம்.

அறிக்கையைத் தம்பியே எழுதினான். எனக்குக் காட்டினான், எழுத்துப் பிழை பார்க்க. பதினொன்று ஆறுக்குக் காரணம் தெரிந்தது, இரண்டு நாற்பது வரை நான் யாருக்கும் தெரிவிக்கவில்லை, டீபக்கை நான் அணைக்கவில்லை, என்று நேரம் போட்டு எழுதியிருந்தான். புதியவருக்குக் கடிகார விஷயத்தைச் சொல்லாததும் தன் தவறு என்று ஒரு வரி. என்னிடம் சொன்ன விஷயம் அதில் இல்லை. நான் பேனாவை வாங்கி, டைம் ஆபீஸுக்குப் பன்னிரண்டேகாலுக்குத் தெரியும் என்று அடியில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவன் தடுத்தான். "எனக்கும் ஒரு வரி இருக்கட்டும், எல்லாம் உனக்கேவா?" என்றேன். இருவருக்கும் ஆளுக்கொரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. என்னுடையது அவனுடையதைவிட இரண்டு வரி குறைவு.

மாதக் கடைசியில் ஆர்டர் வந்தது. பொறுப்பாளர் மாப்பிள்ளைதான். தம்பி கையெழுத்துக்குக் கீழே இப்போது 'உதவி' என்று எழுதுகிறான். தற்காலிகம் போய்விட்டது. அன்று அவன் டப்பாவைத் திறக்காமல்தான் வந்தான். எனக்கு எரிச்சல் தீரவில்லை என்பதை மறைக்க மாட்டேன். அந்த நாற்காலி இப்போதும் என் கண்ணை உறுத்துகிறது. ஆனால் பார்த்துவிட்டேன் என்று அவன் சொன்ன இடத்தில் நான் இருந்திருந்தால், படவில்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

கடிகாரத்தைச் சரியான மணிக்கு வைத்தேன். ஒரு வாரம் பாதிப் பேர் தாமதமாக வந்தார்கள். மேனேஜரே வந்து பழையபடி வைக்கச் சொன்னார். இப்போது அதற்குக் கீழே 'ஏழு நிமிடம் முன்னால்' என்று ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. முதலில் மாப்பிள்ளை எழுதி ஒட்டினார். அழகான கையெழுத்து. மறுநாள் தம்பி அதைக் கிழித்துவிட்டு, ஸ்கேல் வைத்து எழுதி, தான் ஒன்று ஒட்டினான்.

நானும் ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். டீபக் போடுகிறவர் தன் டோக்கனை என் ஜன்னலில் கொண்டுவந்து வைக்க வேண்டும். அணைத்த பிறகுதான் திரும்ப வாங்கலாம். டோக்கன் இல்லாமல் போனும் கிடைக்காது, வீட்டுக்கும் போக முடியாது. வைத்த நேரம், எடுத்த நேரம் என்று நோட்டில் தனிப் பத்தி போட்டிருக்கிறேன். மறப்பதற்கு வழியே இல்லை.

போன வியாழக்கிழமை மாப்பிள்ளை டோக்கனை வைத்துவிட்டுப் போனார். ஏதோ புதுப் பிரிவுக்கு ஒரே சாவி வேலை செய்யவில்லையாம். திரும்பி வந்து வாங்கிக்கொண்டு, "நன்றிக்கா" என்றார். அவர் தலை மறைந்ததும் தம்பி வந்தான். தண்ணீர் குடிக்க வந்தவன் மாதிரி ஜன்னலில் சாய்ந்து, என் நோட்டைத் தலைகீழாகவே படித்தான்.

"இருபத்திரண்டு நிமிஷமா?" என்றான். "நான் ஒன்பதுல முடிச்சிருப்பேன்."

முடித்திருப்பான். அதையும் நோட்டில் எழுதிவைக்கலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது.